மூன்றாவது நாற்காலி: இஸ்ரேல்–பாலஸ்தீனப் பேச்சுவார்த்தையில் வெளிநாடுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் பக்கம் நியாயம் என்ற வழக்கை இங்கே நடத்தப்போவதில்லை. இந்தப் பேச்சுவார்த்தைகளில் மூன்றாவது நாற்காலியில் யார் யார் வந்து உட்கார்ந்தார்கள், கையில் என்ன கொண்டுவந்தார்கள், எழுந்துபோகும்போது எதை அரைகுறையாக விட்டுவிட்டுப் போனார்கள் என்பதுதான் விஷயம். 2025 நவம்பர் வரையிலான நிலவரத்தை வைத்து எழுதியிருக்கிறேன்.

இரண்டு பேர் சண்டையில் மூன்றாமவருக்கு என்ன வேலை? நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாதா?

நெடுங்காலம் நேருக்கு நேர் பேசுவதே குற்றம். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் (பி.எல்.ஓ.) ஆட்களைச் சந்திக்கும் இஸ்ரேலியரைச் சிறைக்கு அனுப்பலாம் என்று 1986-ல் இஸ்ரேல் சட்டமே போட்டது. அது நீக்கப்பட்டது 1993 ஜனவரியில்தான். அந்தப் பக்கமோ, இஸ்ரேல் என்ற பெயரையே வாயால் சொல்லாமல் பல ஆண்டுகளை ஓட்டியது. முகம் கொடுத்துப் பேசாத இரண்டு வீடுகளுக்கு நடுவே சேதி கொண்டுபோக யாராவது வேண்டுமே.

இன்னொன்றும் உண்டு. வெளியார் இந்தச் சண்டையைத் தீர்க்க வந்தவர்கள் மட்டும் அல்லர், தொடங்கிவைத்ததிலும் அவர்களுக்குப் பங்குண்டு. 1917 நவம்பர் 2 அன்று பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதிய கடிதத்தில் பாலஸ்தீனம் பற்றிய அந்த வாக்குறுதி ஆங்கிலத்தில் வெறும் 67 சொற்கள். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய பிரிட்டன் உதவும் என்றது. அப்போது அங்கே வாழ்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அரபுகள். கடிதத்தில் அவர்களுக்குப் பெயர்கூட இல்லை, “யூதர் அல்லாத சமூகங்கள்” என்பதோடு சரி. 30 ஆண்டுகள் கழித்து, 1947 நவம்பர் 29 அன்று, அந்த மண்ணை இரண்டாகப் பிரிக்கும் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் 33–13 என்று நிறைவேறியது. 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. சிக்கலை உண்டாக்கிய பிரிட்டனும் அந்தப் பத்தில் ஒன்று.

முதல் மத்தியஸ்தர் யார்?

ஸ்வீடனைச் சேர்ந்த ஃபோல்கே பெர்னடோட். ஐ.நா. 1948 மே மாதம் அவரை நியமித்தது. நான்கே மாதத்தில், செப்டம்பர் 17 அன்று, ஜெருசலேமில் லெஹி என்ற யூத ஆயுதக் குழுவினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவர் ரால்ஃப் பஞ்ச் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவர். ரோட்ஸ் தீவில் ஒரே ஹோட்டலில் இரு தரப்பையும் தங்கவைத்துப் பேசி, 1949-ல் இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை முடித்தார். ஜோர்டான், லெபனான், சிரியா பின்தொடர்ந்தன. 1950-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இவை எல்லாம் நாடுகளுக்கிடையேயான ஏற்பாடுகள். பாலஸ்தீனர்கள் ஒரு தரப்பாக அந்த ஹோட்டலில் இல்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னாலும் இதே கதை வரும்.

எல்லாரும் “242” என்கிறார்களே, அது என்ன?

1967 ஜூன் போரில் இஸ்ரேல் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா, எகிப்தின் சினாய், சிரியாவின் கோலன் குன்றுகள் எல்லாவற்றையும் பிடித்தது. அதையடுத்து நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை ஒருமனதாக நிறைவேற்றியதுதான் 242-ஆம் தீர்மானம். எழுதியவர் பிரிட்டனின் தூதர் கரடன் பிரபு. சாரம் எளிது: இஸ்ரேல் பிடித்த இடத்தை விட்டு விலக வேண்டும், அண்டை நாடுகள் அதை நிம்மதியாக வாழவிட வேண்டும்.

வம்பு இலக்கணத்தில் ஒளிந்திருந்தது. ஆங்கிலப் பிரதி “பிடித்த பகுதிகளிலிருந்து” என்கிறது. அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு சுட்டுச்சொல் வந்திருந்தால் “பிடித்த அந்தப் பகுதிகள்” என்று முழுவதையும் குறித்திருக்கும். வேண்டுமென்றே விட்டார்கள். பிரெஞ்சுப் பிரதியிலோ அந்தச் சுட்டுச்சொல் இருக்கிறது. எனவே “கொஞ்சம் விலகினாலும் போதும்” என்று இஸ்ரேலும், “முழுவதும் விலகு” என்று அரபுகளும் ஒரே தீர்மானத்தைக் காட்டிப் பேசுகிறார்கள். தமிழில் எழுதியிருந்தால் சண்டை ஓர் “உம்” விகுதியில் வந்து நின்றிருக்கும்: “பகுதிகளிலிருந்து” என்பதா, “பகுதிகளிலிருந்தும்” என்பதா?

அந்த மழுப்பல் இல்லாவிட்டால் தீர்மானமே நிறைவேறியிருக்காது என்பார்கள். உண்மைதான். இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியதைப் படித்துக்கொள்ளும்படி ஒரு வாக்கியம் எழுதித் தருவது வெளியார் இந்தத் தகராறில் கற்றுத் தேர்ந்த கலை. அதில் கையெழுத்து கிடைக்கும். என்ன செலவு என்பது பிறகுதான் தெரியும். இன்னொரு விஷயம்: 242-ல் “பாலஸ்தீனர்” என்ற சொல்லே கிடையாது. “அகதிகள் பிரச்சினை” என்று ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான்.

1978 கேம்ப் டேவிட் மட்டும் எப்படி வெற்றி பெற்றது?

அமெரிக்க அதிபர் கார்ட்டர், எகிப்தின் சதாத், இஸ்ரேலின் பெகின் மூவரும் மேரிலாந்து மலைக்காட்டு விடுதியில் செப்டம்பர் 5 முதல் 17 வரை, 13 நாள் தங்கினார்கள். முதல் சில நாட்களிலேயே சதாத்தும் பெகினும் எதிரெதிரே உட்கார்ந்தால் குரல் உயர்கிறது என்று தெரிந்துபோனது. பிறகு கார்ட்டர்தான் ஒரு குடிலிலிருந்து இன்னொரு குடிலுக்கு வரைவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கடைசி நாள், ஜெருசலேம் பற்றிய ஒரு கடித விவகாரத்தில் பெகின் மூட்டை கட்டிவிட்டார். அவர் தன் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க மூன்று தலைவர்களும் இருக்கும் படத்தில் கார்ட்டரின் கையெழுத்து கேட்டிருந்தார். கார்ட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பேரப்பிள்ளையின் பெயரை எழுதித் தானே எடுத்துப்போய்க் கொடுத்தார். பெகின் ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்கக் குரல் தழுதழுத்தது. அன்று மாலையே உடன்பாடு முடிந்தது. இந்தக் கதையை எல்லாரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் படங்கள் ஒப்பந்தத்தை முடித்துவைத்தன என்றால், அதை நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகள் தாங்கி நிற்பது வேறு.

அது பணமும் காவலும். சினாயில் இஸ்ரேல் இழக்கும் விமானத் தளங்களுக்குப் பதிலாக நெகேவ் பாலைவனத்தில் இரண்டு புதிய தளங்களை அமெரிக்கா கட்டிக்கொடுத்தது. எகிப்துக்கு ராணுவ உதவி தொடங்கியது. இன்று அது ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர். சினாயில் கண்காணிக்க ஐ.நா. படை வருவதை சோவியத் தடுக்கும் என்று தெரிந்ததும், ஐ.நா.வுக்கு வெளியே ஒரு பன்னாட்டுப் படையையே உருவாக்கினார்கள். 1982 ஏப்ரல் 25 முதல் அது அங்கே இருக்கிறது. செங்கல் நிறத் தொப்பி போட்ட ஃபிஜி, கொலம்பியா சிப்பாய்கள் பாலைவனத்தில் நின்று, யார் எத்தனை டாங்கியை எங்கே நிறுத்தினார்கள் என்று எண்ணிக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் செய்தியில் காட்டாத வேலை. மீறினால் உடனே தெரியும், மீறினால் வருமானம் போகும். 1979 மார்ச் 26-ல் கையெழுத்தான சமாதானம் நின்றுகொண்டிருப்பது அதன்மேல்தான்.

அதே கேம்ப் டேவிட்டில் இரண்டு ஆவணங்கள் கையெழுத்தாயின. ஒன்று எகிப்து–இஸ்ரேல் சமாதானத்துக்கு. மற்றொன்று மேற்குக் கரை, காஸாவில் பாலஸ்தீனர்களுக்குத் தன்னாட்சி தருவது பற்றியது. அதைப் பேசியபோது பாலஸ்தீனர் ஒருவர்கூட அங்கே இல்லை. அது காகிதத்தோடு முடிந்தது.

மாட்ரிட் மாநாடு?

1991 அக்டோபர் 30. குவைத் போர் முடிந்த சூடு. அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து அழைத்தன. அழைத்த இருவரில் ஒருவர் இரண்டு மாதத்துக்குள் உலக வரைபடத்திலேயே இல்லை. பாலஸ்தீனர்கள் தனிக் குழுவாக வர இஸ்ரேல் ஒப்பவில்லை, எனவே ஜோர்டான் குழுவோடு ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பி.எல்.ஓ. துனீசியாவின் துனிஸில் உட்கார்ந்து தொலைபேசியில் கயிறு இழுத்தது. பலன் என்று பார்த்தால், எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்த படம் கிடைத்தது. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் அல்ல.

நார்வே எப்படி உள்ளே வந்தது? இலங்கைக்கு வந்த அதே நார்வேயா?

அதே நார்வேதான். 2002 பிப்ரவரியில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கொண்டுவந்த நார்வேக்கு உலக அளவில் பெயர் கிடைத்ததே, இஸ்ரேலுக்கும் பி.எல்.ஓ.வுக்கும் இடையே 1993-ல் வந்த ஓஸ்லோ ஒப்பந்தத்தால்தான்.

ஓஸ்லோ வழி தொடங்கியது ஓர் ஆய்வு நிறுவனத்தில். ஃபாஃபோ என்ற அந்த நிறுவனம் காஸா மக்களின் வாழ்க்கைநிலை பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தது. அதன் தலைவர் டெரியே ரோட்–லார்சன். அவர் மனைவி மோனா யூல் நார்வே வெளியுறவுத் துறை அதிகாரி. 1993 ஜனவரி 20, வாஷிங்டனில் கிளிண்டன் பதவியேற்ற அதே நாள், ஓஸ்லோவுக்குத் தெற்கே சார்ப்ஸ்போர்க்கில் ஒரு பழைய மாளிகையில் முதல் சந்திப்பு. இஸ்ரேல் பக்கம் யாயிர் ஹிர்ஷ்ஃபெல்ட், ரோன் புண்டாக் என்ற இரண்டு பேராசிரியர்கள். அரசுப் பதவி இல்லாதவர்கள், விஷயம் கசிந்தால் “அவர்கள் யாரோ” என்று கைகழுவிவிடலாம். பாலஸ்தீனப் பக்கம் பி.எல்.ஓ.வின் பணவிவகாரம் பார்த்த அஹமது குரெய். ஒரே வீட்டில் தூக்கம், ஒரே மேஜையில் சாப்பாடு. நார்வேக்காரர்கள் பேச்சு நடக்கும் அறைக்குள் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றார்கள்.

அறைக்குள் போகாதவர்கள் கடைசியில் தொலைபேசிக்குள் போனார்கள். ஆகஸ்ட் நடுவில் இஸ்ரேலின் வெளியுறவு அமைச்சர் பெரெஸ் ஸ்டாக்ஹோமுக்கு வந்திருந்தார். நார்வேயின் வெளியுறவு அமைச்சர் ஹோல்ஸ்ட் அங்கே பறந்துபோனார். இரவு முழுக்க, ஏறக்குறைய ஏழு மணி நேரம், அவர் கையில் ரிசீவர். மறுமுனையில் துனிஸில் பி.எல்.ஓ. தலைவர் அராஃபத்தும் குரெயும். பெரெஸின் ஆட்கள் அறையிலேயே இருந்து ஒவ்வொரு சொல்லாக ஒப்புக்கொண்டார்கள். விடிவதற்குள் மிச்சமிருந்த சிக்கல்கள் தீர்ந்தன. செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் அராஃபத்தும் கைகுலுக்க, நடுவில் கைவிரித்து நின்ற கிளிண்டனைத்தான் உலகம் பார்த்தது. சமைத்தது ஒருவர், பரிமாறியது ஒருவர். ஹோல்ஸ்ட் நான்கே மாதத்தில், 1994 ஜனவரியில், இறந்துபோனார்.

நார்வேயின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: யாரையும் மிரட்ட முடியாத நாடு. அதனால்தான் இரு தரப்பும் நம்பின. அதனால்தான் எழுதிய பிறகு யாரையும் கட்டுப்படுத்தவும் முடியவில்லை. இலங்கையில் கண்காணிப்பாளர்களை வைத்துக்கொண்டும் அவர்களால் முடியாமல் போனதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஓஸ்லோ ஏன் சறுக்கியது?

சொல்லப்படும் காரணங்கள் பல. ராபினை 1995 நவம்பர் 4 அன்று ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக்கொன்றான். ஹமாஸ் என்ற பாலஸ்தீன ஆயுத இயக்கத்தின் பேருந்துக் குண்டுகள் வெடித்தன. இஸ்ரேலியக் குடியேற்றங்கள் நிற்கவே இல்லை: 1993-ல் மேற்குக் கரையில் சுமார் 1,10,000 குடியேறிகள், 2000-ல் சுமார் 1,90,000. எல்லாம் உண்மை.

நான் பார்க்கும் இடம் வேறு. ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவைப் படியுங்கள். தகராறு வந்தால் கூட்டுக் குழு பேசும், தீரவில்லை என்றால் சமரசம், அதுவும் ஆகவில்லை என்றால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம், ஆனால் இரு தரப்பும் சம்மதித்தால் மட்டும். அதாவது திருடனும் சம்மதித்தால்தான் வழக்கு. எது மீறல், யார் மீறினார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. சினாயில் டாங்கியை எண்ண ஆள் போட்டவர்கள் மேற்குக் கரையில் வீட்டை எண்ண ஆள் போடவில்லை.

ஒரே இடத்தில் போட்டார்கள், ஹெப்ரானில். 1994 பிப்ரவரியில் அங்குள்ள இப்ராஹிமி மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு குடியேறி சுட்டுக்கொன்ற பிறகு, நார்வே, டென்மார்க், ஸ்வீடன், இத்தாலி, சுவிட்சர்லாந்து, துருக்கி நாட்டவர்களைக் கொண்ட பார்வையாளர் குழு வந்தது. அவர்கள் நகரைச் சுற்றிவந்தார்கள், படம் எடுத்தார்கள், அறிக்கை எழுதினார்கள். அறிக்கை ரகசியம். இரு தரப்புக்கும் ஆள் அனுப்பிய நாடுகளுக்கும் மட்டும் போகும். கண் முன்னால் அடிதடி நடந்தாலும் தலையிட அதிகாரம் கிடையாது. அதுவே தொந்தரவு என்று 2019 ஜனவரியில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு புதுப்பிக்க மறுத்தார், கிளம்பிவிட்டார்கள்.

2000-ல் அராஃபத்துக்கு எல்லாம் கொடுத்தும் அவர் மறுத்துவிட்டார் என்கிறார்களே?

அது பாதிக் கதை. மீதிப் பாதி மத்தியஸ்தர் பற்றியது. அராஃபத் அந்த ஜூலையில் கேம்ப் டேவிட்டுக்கு வரவே தயங்கினார், ஏற்பாடு போதாது என்றார். தோற்றால் பழி உங்கள்மேல் விழாது என்று கிளிண்டன் வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்தார். 14 நாள் பேச்சு தோற்ற அன்றே இஸ்ரேல் பிரதமர் பராக்கின் துணிச்சலைப் பாராட்டிப் பேட்டி கொடுத்தார். அமெரிக்கக் குழு எந்த யோசனையையும் முதலில் இஸ்ரேலுக்குக் காட்டி, அவர்கள் தலையசைத்த பிறகே பாலஸ்தீனருக்குக் கொண்டுபோனது என்பதும் பிறகு வெளிவந்தது. அந்தக் குழுவில் இருந்த ஏரன் டேவிட் மில்லர் என்ற அமெரிக்க அதிகாரியே 2005-ல், தாங்கள் இஸ்ரேலின் வக்கீலாக நடந்துகொண்டதாக எழுதினார்.

அந்த மாநாட்டின் ஒரு படக்காட்சி இன்றும் ஓடும். குடில் வாசலில் அராஃபத்தும் பராக்கும் “நீங்கள் முதலில்”, “இல்லை, நீங்கள்” என்று ஒருவரை ஒருவர் உள்ளே தள்ளுகிறார்கள், கிளிண்டன் பக்கத்தில் சிரிக்கிறார். பார்க்க வேடிக்கை. முதலில் நுழைந்தவன் இறங்கிவந்தவன் ஆகிவிடுவான் என்ற பயம் அந்த இரண்டு கைகளிலும் தெரியும்.

உருப்படியான யோசனை வந்தது டிசம்பர் 23 அன்று: மேற்குக் கரையில் 94 முதல் 96 சதவீதம் பாலஸ்தீனத்துக்கு, ஜெருசலேமில் அரபுப் பகுதி அவர்களுக்கு, யூதப் பகுதி இவர்களுக்கு. இரு தரப்பும் “சரி, ஆனால்...” என்றன. கிளிண்டனுக்கு மிச்சம் இருந்தது 28 நாள். அடுத்த மாதம் எகிப்தின் தாபாவில் இரு தரப்பும் அமெரிக்கா இல்லாமலே பேசின. ஐரோப்பியத் தூதர் மொராடினோஸ் அறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. இரு பக்கமும் வெளியே வந்தபின் விசாரித்து, அவர் தொகுத்த குறிப்புதான் அங்கே எவ்வளவு நெருங்கினார்கள் என்பதற்கு நமக்கு இருக்கும் சிறந்த சாட்சி. பிப்ரவரி 6 தேர்தலில் பராக் தோற்றார்.

நால்வர் அணி என்பது?

அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. நான்கும் சேர்ந்து 2002-ல் அமைத்தது. 2003 ஏப்ரலில் ஒரு “பாதை வரைபடம்” வெளியிட்டார்கள், 2005-க்குள் தீர்வு என்று. இஸ்ரேல் 14 ஆட்சேபங்களோடு ஏற்றது. தேதி வந்தது, போனது.

அணியின் தூதராக வந்தவர்களில் மனதில் நிற்பவர் உலக வங்கியின் முன்னாள் தலைவர் வுல்ஃபென்சன். 2005-ல் இஸ்ரேல் காஸாவிலிருந்து குடியேறிகளை வெளியேற்றியபோது, அவர்கள் விட்டுப்போகும் பசுமைக்குடில்களைப் பாலஸ்தீனருக்கு வாங்கித்தர 1.4 கோடி டாலர் திரட்டினார். அதில் 5 லட்சம் அவருடைய சொந்தப் பணம். சில குடில்களைக் கும்பல் சூறையாடியது. மீதியைச் செப்பனிட்டுத் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் விளைந்தபோது, காஸாவின் கார்னி சரக்குக் கடவு நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. ஏற்றுமதிக்குப் போக வேண்டிய சரக்கு லாரியிலேயே அழுகியது. மனிதர் 2006 ஏப்ரலில் விலகினார். அடுத்து வந்த டோனி பிளேர் எட்டு ஆண்டு இருந்தார். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

அமெரிக்கா நடுநிலையா?

இல்லை, அப்படிப் பெரிதாக நடிக்கவும் இல்லை. 2016-ல் ஒபாமா ஆட்சி போட்ட ஒப்பந்தப்படி இஸ்ரேலுக்கு 10 ஆண்டில் 3,800 கோடி டாலர் ராணுவ உதவி. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இஸ்ரேலுக்காக அமெரிக்கா போட்ட வீட்டோக்கள் 40-க்கும் மேல். 2017 டிசம்பரில் டிரம்ப் ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகர் என்று அறிவித்தார், மறு ஆண்டு வாஷிங்டனில் இருந்த பி.எல்.ஓ. அலுவலகத்தையும் மூடினார்.

ஆனால் நடுநிலை இல்லாததே அமெரிக்காவின் தகுதி என்று ஒரு வாதம் உண்டு. பையனின் தாய்மாமன் சொன்னால்தான் பையன் கேட்பான், பெண் வீட்டாருக்கும் அதனாலேயே தாய்மாமன் வேண்டும். வாதத்தில் சத்து இருக்கிறது, மாமன் வாய் திறந்தால். திறந்ததும் உண்டு: 1991-ல் மூத்த புஷ்ஷும் அவருடைய வெளியுறவு அமைச்சர் பேக்கரும், குடியேற்றம் கட்டுவதை நிறுத்தாவிட்டால் 1,000 கோடி டாலர் கடனுக்கான உத்தரவாதம் கிடையாது என்று பிடித்துவைத்தார்கள். இஸ்ரேல் பிரதமர் ஷமீர் அடுத்த ஆண்டு தேர்தலில் தோற்று ராபின் வந்த பிறகுதான் விட்டார்கள். அதற்கும் முன்பு, 1990-ல், பேக்கர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் வெள்ளை மாளிகையின் தொலைபேசி எண்ணையே வாசித்துக்காட்டி, சமாதானத்தில் அக்கறை வந்தால் கூப்பிடுங்கள் என்று இஸ்ரேலுக்குச் சொன்னார். அந்த அளவு அழுத்தத்தைப் பேச்சுவார்த்தைக்காக அதன் பிறகு ஓர் அமெரிக்க அதிபரும் தாங்கிப்பிடித்து நிற்கவில்லை என்பது என் கணிப்பு.

ஐரோப்பா பணம் மட்டும் கொடுக்கிறதே?

கொடுக்கிறது. மேற்குக் கரையின் சில பகுதிகளை நிர்வகிக்கும் பாலஸ்தீன ஆணையத்தின் பள்ளி, சம்பளம், போலீஸ் பயிற்சி எல்லாவற்றிலும் ஐரோப்பியப் பணம் உண்டு. ஆனால் பெரிய குழாய் வேறு கையில். 1994 பாரிஸ் பொருளாதார ஒப்பந்தப்படி, பாலஸ்தீனருக்கு வரும் சரக்கின் சுங்கவரியை இஸ்ரேலே வசூலித்து, 3 சதவீதம் கட்டணம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மாதாமாதம் அனுப்பும். கோபம் வந்தால் நிறுத்திவைக்கும். அப்போது ஆசிரியருக்குப் பாதிச் சம்பளம்.

எகிப்தும் கத்தாரும் என்ன செய்கின்றன?

இன்றைக்கு உண்மையான மத்தியஸ்தம் அங்கேதான். அமெரிக்கா 1997-லேயே ஹமாஸைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது, இஸ்ரேலும் நேராகப் பேசாது. எகிப்துக்கு, காஸாவை ஒட்டிய ரஃபா கடவும் உளவுத்துறையின் பழைய தொடர்புகளும் உண்டு. 2011-ல் கிலாத் ஷலித் என்ற ஒரே இஸ்ரேலியச் சிப்பாய்க்கு 1,027 கைதிகளை மாற்றிய பேரத்தில் எகிப்தும் ஒரு ஜெர்மன் உளவு அதிகாரியும் இருந்தார்கள்.

கத்தாரில் 2012 முதல் ஹமாஸின் அலுவலகம். அமெரிக்காவின் பெரிய விமானத் தளமும் அதே நாட்டில். 2018 முதல் கத்தார் தூதர் சூட்கேஸில் டாலர் கட்டுகளோடு இஸ்ரேல் வழியாகவே காஸாவுக்குப் போனார், இஸ்ரேல் அரசின் சம்மதத்தோடு. இதைப் பின்னால் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

பேச்சு நடக்கும் விதம் விசித்திரம். இரு தரப்பும் ஒரே ஊரில், சில நேரம் ஒரே கட்டடத்தில், வேறு வேறு அறையில். நடுவே கத்தார், எகிப்து ஆட்கள் தாளோடு போய்வருகிறார்கள். ஒரு கைதியின் பெயருக்கு மணிக்கணக்கு. ஹமாஸ் தலைவர் தோஹாவில் “சரி” என்றாலும் காஸா சுரங்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வரவேண்டும். காஸா போரில் 2023 நவம்பரின் ஒரு வாரப் போர்நிறுத்தமும் 2025 ஜனவரியின் இரண்டு மாத நிறுத்தமும் இப்படி வந்தவைதான்.

2025 செப்டம்பர் 9 அன்று இஸ்ரேல், பேசிக்கொண்டிருந்த தரப்பையே தோஹாவில் குண்டுவீசித் தாக்கியது. ஹமாஸின் தலைமைப் பேச்சாளர் தப்பினார், அவர் மகன் செத்தார், ஒரு கத்தார் காவலரும் செத்தார். மூன்று வாரம் கழித்து வெள்ளை மாளிகையில் டிரம்ப் பக்கத்தில் இருந்தபடி நெதன்யாகு கத்தார் பிரதமரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். மாமன் வாய் திறந்த அபூர்வ நாள்.

சவுதி, எமிரேட்ஸ்?

2002-ல் பெய்ரூட் அரபு மாநாட்டில் சவுதி கொண்டுவந்த திட்டம்: 1967 எல்லைக்குத் திரும்பு, பாலஸ்தீன அரசு அமையட்டும், எல்லா அரபு நாடும் உறவு வைத்துக்கொள்ளும். 2020-ல் எமிரேட்ஸும் பஹ்ரைனும் வரிசையை மாற்றிவிட்டன. உறவு முதலில் வந்தது, பாலஸ்தீனம் பிறகு. பாலஸ்தீனரிடம் இருந்த கடைசிப் பேரச் சீட்டுகளில் ஒன்று அப்படிப் போனது. சவுதி இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கிறது.

ரஷ்யா, சீனா, இந்தியா?

ரஷ்யாவுக்குப் பழைய நாற்காலி இருக்கிறது, உட்கார நேரம் இல்லை. சீனா 2024 ஜூலையில் 14 பாலஸ்தீன அமைப்புகளைப் பெய்ஜிங்கில் கூட்டி ஒற்றுமை அறிவிப்பு வாங்கியது. ஊர் திரும்பியதும் ஒற்றுமையைக் காணோம். இந்தியா 1947-ல் பிரிவினைக்கு எதிராக வாக்களித்தது, 1988-ல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்தது, மாட்ரிட் மாநாட்டுக்குப் பிறகு 1992 ஜனவரியில் இஸ்ரேலோடு முழு உறவு தொடங்கியது. இரு வீட்டுக்கும் மொய் வைக்கும் உறவினர் போல. பஞ்சாயத்துக்கு யாரும் கூப்பிட்டதும் இல்லை, இந்தியா முன்வந்ததும் இல்லை.

2025 அக்டோபர் போர்நிறுத்தம் முந்தையவற்றிலிருந்து எப்படி வேறு?

டிரம்ப் செப்டம்பர் 29 அன்று 20 அம்சத் திட்டம் அறிவித்தார். அக்டோபர் 10-ல் நிறுத்தம். 13-ஆம் தேதி, ஹமாஸ் பிடியில் உயிரோடிருந்த 20 பிணைக்கைதிகளும் விடுதலை. அன்றே எகிப்தின் ஷார்ம் எல்–ஷேக்கில் மாநாடு. ஆவணத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நான்கு பேர்: டிரம்ப், எகிப்தின் சிசி, கத்தார் அமீர் தமீம், துருக்கியின் எர்துவான். இஸ்ரேல் வரவில்லை, ஹமாஸும் வரவில்லை. சண்டை போட்டவர் யாரும் இல்லாமல் பஞ்சாயத்தார் மட்டும் கையெழுத்திட்ட ஓலை.

சிலர் சிரித்தார்கள். எனக்கு அதில் ஒரு நல்லது தெரிந்தது: வெளியார் பெயர் போட்டுப் பொறுப்பேற்றார்கள். நவம்பர் 17 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2803-ஆம் தீர்மானத்தால் டிரம்ப் தலைமையில் ஓர் அமைதி வாரியத்தையும் காஸாவுக்குப் பன்னாட்டுப் படையையும் ஏற்றுக்கொண்டது. 13 வாக்கு ஆதரவு, ரஷ்யாவும் சீனாவும் ஒதுங்கின. பாலஸ்தீன அரசு பற்றி அதில் வருவது, சூழல் ஒருநாள் கனியலாம் என்ற அளவுக்குத்தான். 242 எழுதிய கைக்கு இதுவும் பழக்கமான எழுத்துதான்.

சரி, இப்போது யார் மீறுகிறார் என்று யார் பார்க்கிறார்கள்?

காஸாவுக்கு வெளியே, தெற்கு இஸ்ரேலில் கிர்யாத் காத் என்ற ஊரில், அமெரிக்க ராணுவம் ஒரு ஒருங்கிணைப்பு மையம் வைத்திருக்கிறது. பல நாட்டு அதிகாரிகள் அங்கே திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காஸாவுக்குள்ளே இஸ்ரேல் ராணுவம் “மஞ்சள் கோடு” வரை பின்வாங்கியது. அந்தக் கோட்டுக்கு அந்தப்புறம் காஸாவின் பாதிக்கு மேல் அவர்கள் கையில். கோடு எங்கே என்று தெரிவதற்காக மஞ்சள் வர்ணம் அடித்த கான்கிரீட் கட்டைகளை வைக்கிறார்கள். வைப்பது இஸ்ரேல் ராணுவம். கட்டை இல்லாத இடத்தில் கோட்டைத் தாண்டிவிட்டதாகச் சொல்லிச் சுடப்பட்டவர்கள் உண்டு. தாண்டினாரா இல்லையா என்று சொல்வதும் சுட்டவர்தான்.